தொகுதியின் கடைசி மூலையில் ஓர் ஆலாத்தி

ஜேர்மனியில், ஹனோவர் நகரின் விளிம்பில் இருந்த எங்கள் பழைய சட்டமன்றத் தொகுதியை வரைபடத்தில் பார்த்தால், யாரோ ஒரு காலுறையைக் கழற்றி எறிந்தது மாதிரி இருக்கும். நகரமும் இல்லை, கிராமமும் இல்லை. மேல்பக்கம் சீனிக்கிழங்கு வயல்கள். நடுவில் வேலி வெட்டிய தனி வீடுகள். குதிகாலில் ஒரு பழைய கிராமம், அதற்கென்று ஒரு தேவாலயமும் ஒரு விடுதியும். விரல் நுனியில், ரயில் பாதையைத் தாண்டினால், எட்டு மாடிக் கட்டடங்கள் நான்கு. அதில் மூன்றாவது கட்டடத்தில், இலங்கையிலிருந்து வந்த மற்றத் தமிழ்க் குடும்பங்களோடு, நான் வளர்ந்தேன்.

அந்தத் தொகுதி இப்போது இல்லை. சட்டமன்றத்தில் இருக்கைகளைக் குறைத்தபோது அதை நடுவால் வெட்டி, ஒரு பாதியை நகரத்தோடும் மறு பாதியைப் பக்கத்து ஊரோடும் ஒட்டிவிட்டார்கள். யாரும் ஊர்வலம் போகவில்லை, யாரும் கத்தவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டில் வேறு பெயர்கள் இருந்தன, அவ்வளவுதான். மனிதர் செத்தால் பத்திரிகையில் நாலு வரி வரும். தொகுதி செத்தால் ஒரு வரியும் வராதா என்று எனக்குக் கோபமே வந்தது. பல்கலைக்கழகத்தில் புவியியலும் வரலாறும் எடுத்துப் படித்தவளுக்கு வேறு என்ன கோபம் வரும்?

ஆகவே எங்கள் புறநகரின் ஊர் வரலாற்றுச் சங்கம் அந்தத் தொகுதியைப் பற்றிப் பழைய தீயணைப்பு நிலையத்தில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறது என்று தெரிந்ததும் அடுத்த நாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே என் வயதுக்குக் கிட்ட இருந்தது காப்பி இயந்திரம் மட்டும்தான். பரவாயில்லை. பெட்டி பெட்டியாகக் காகிதம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்களை நம்பி நின்ற ஒரு வேட்பாளர், அவர்களைப் பிடிக்காத கிழங்கு விவசாயிகளை நம்பி நின்ற இன்னொருவர். ஊர் ஊராகச் சைக்கிளில் போய் வாக்குக் கேட்ட முதல் உறுப்பினர். ஒவ்வொரு தேர்தலிலும் வரப்போகிறது, வரப்போகிறது என்று சொல்லப்பட்டு, எல்லாரும் கார் வாங்கி முடிந்த பிறகு வந்து சேர்ந்த டிராம் பாதை. நான் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா பருப்பைக் கிண்டிக்கொண்டு கேட்டார்: "உன்ர தொகுதிக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கட்டோ, இல்லாட்டி நீயே கட்டப் போறியோ?"

சங்கத் தலைவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் சட்டம். தொகுதியில் இருந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காட்சிப் பலகை. ஒவ்வொரு பலகையிலும் அந்தக் காலத்து மூல ஆவணம் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும். ஒரு படம், ஒரு கடிதம், ஒரு ஒலிப்பதிவு, ஏதாவது. ஆவணம் இல்லையா, பலகை இல்லை. அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கும்போது அவர் பட்டியலை வாசித்தார். வயல்பக்கம், தனி வீடுகள், கிராமம் என்று எல்லாம் வந்தன. எங்கள் நான்கு கட்டடங்கள் வரவில்லை. அவற்றுக்குப் பதிலாகக் கண்காட்சிக் கையேட்டில் ஒரே ஒரு வசனம் இருந்தது: "ரயில் பாதைக்கு அப்பாலுள்ள குடியிருப்பு தொகுதியின் வாழ்வில் பங்கெடுக்கவில்லை."

"இது சரியில்லை," என்றேன்.

"வரைபடத்தில் நீங்கள் உள்ளேதான்," என்றார் அவர். "அந்தக் கோட்டை வரைந்த மேசையில் இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் வாழ்க்கையில் எங்கே இருந்தீர்கள்? ஒரு தேர்தல் கூட்டம் நடந்ததா? ஒரு படம் இருக்கிறதா? தொகுதியின் கடைசிச் சட்டமன்ற உறுப்பினர் அங்கே ஒரு தடவையாவது கால் வைத்திருக்கிறாரா?"

"எங்கள் விடுதிக்கு மாதம் ஒரு முறை வருவார்," என்றார் பக்கத்தில் இருந்த பெண்மணி. கிராமத்து விடுதிக்காரரின் மகள் அவர். கிராமத்துப் பலகைக்கு மட்டும் ஒன்பது படம் கொண்டுவந்திருந்தார். "இனிப் போட்டியிடுவதில்லை என்று அறிவித்ததே எங்கள் கூடத்தில்தான். எங்கள் பலகைக்குத் தலைப்பே அதுதான்."

"எங்களிடமும் வந்திருக்கிறார்," என்றேன். "எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் சோறு சாப்பிட்டிருக்கிறார்."

"ஆதாரம்?" என்றார் தலைவர். கேலியாக இல்லை. பேனாவைத் திறந்து, எழுதத் தயாராக, நிஜமாகவே கேட்டார்.

நான் காப்பி இயந்திரத்தின் பக்கம் போனேன். ஆதாரம் இருந்தது. ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஓடும் ஆதாரம். அது என்னுடைய சாமத்திய வீட்டு வீடியோ.

அழைப்பிதழில் பூப்புனித நீராட்டு விழா என்று அச்சடிப்பார்கள். பேச்சில் சாமத்திய வீடு. ஒரு பெண் வயதுக்கு வந்ததை மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு, கல்யாணத்துக்கு ஒத்திகை மாதிரிக் கொண்டாடுவது. எனக்குப் பதின்மூன்று வயது. என் எடையில் பாதிக்குச் சேலை, முழங்கால் வரைக்கும் ஒட்டுச் சடை, தலையில் கிரீடம். நுரைப்பலகையில் செய்த ஓர் அன்னத்துக்குள் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அன்னம் வாசலில் இறுகி, கழுத்து உடைந்தது. பதினாறு வயதில் அந்த டிவிடியை அரிசிமா வாளிக்குள் ஒளித்து வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அம்மா இரண்டாவது பிரதி ஒன்றை அலுமாரியில் இருந்து எடுத்தார். மூன்றாவது பிரதி கனடாவில் இருக்கிறதாம். வகுப்புத் தோழி யாருக்கும் இப்படி ஒன்று நடந்தது என்றே நான் சொன்னதில்லை.

அந்தக் கடைசி உறுப்பினர் அம்மையார் அதற்குள் எப்படி வந்தார் என்றால், அது மாமாவின் வேலை. எங்கள் ஆட்கள் அழைப்பிதழ் அடித்தால் மிச்சம் வைப்பதில்லை. மாமா பல் வைத்தியருக்குக் கொடுத்தார், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும் பெண்மணிக்குக் கொடுத்தார், கட்டடக் காவலாளிக்குக் கொடுத்தார். பேருந்து நிறுத்தம் ஒன்றைப் பற்றி முறையிடப் போன இடத்தில், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்திலும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். கொடுப்பது மரியாதை. வெள்ளைக்காரர் யாரும் வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வந்தார். தனியாக, பேருந்தில், கையில் ஒரு பூச்சட்டியோடு.

அந்த வீடியோவை நான் சங்கத்துக்குக் காட்டுவதா? கிரீடத்தோடா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் மட்டும் தனியாக நிற்கிற ஒரு காட்சி கிடைத்தால் போதும். வீட்டுப் பிரதியில் அது இல்லை. அவருடைய பேச்சை எட்டு வினாடிக்குச் சுருக்கி, மெதுவாக ஓடவிட்டு, சுற்றிவர ரோசாப்பூ போட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டையும் ஏற்றியிருந்தார்கள். ஆனால் வெட்டாத மூலப்பதிவு எங்கேயாவது இருக்கும். அதை எடுத்தவரைத் தேடி கெல்சென்கிர்ச்சன் நகருக்கு ரயில் ஏறினேன்.

அவரை எல்லாரும் வீடியோ அண்ணை என்றே அழைப்பார்கள், அவருடைய பிள்ளைகளின் தோழர்களும்கூட. இப்போது ட்ரோன் பறக்கவிட்டுக் கல்யாணம் எடுக்கிறார். கதவைத் திறந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ அந்த அன்னத்துப் பிள்ளையெல்லே. உள்ளுக்கை இருந்துகொண்டு என்னை ஒரே முறைப்பு."

"ஓம், அது நான்தான். அந்த மூலக் கசெட் இருக்கோ, அண்ணை?"

"நான் ஒண்டையும் எறியேல்லை. விவாகரத்து ஆனவையின்ர கல்யாணக் கசெட்டும் கிடக்கு. அவைதான் வாங்க வரீனமில்லை."

நிலவறையில் சுவர் முழுக்கச் சின்னக் கசெட்டுகள், ஊர் வாரியாக அடுக்கியபடி. எந்த ஆவணக் காப்பகமும் பொறாமைப்படும். பத்து நிமிடத்தில் என்னுடையதை எடுத்துத் தந்தார். பழைய கமராவைத் தொலைக்காட்சியில் மாட்டினார்.

"அந்த அம்மாவின்ர பேச்சுக்கு மேல ஏன் பாட்டுப் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பிள்ளை, ஜேர்மன் பேச்சை ஆர் இருந்து கேப்பினம்? கனடாவில இருக்கிறவை சேலையைத்தான் பாப்பினம்."

மூலப்பதிவில் பாட்டு இல்லை, ரோசாப்பூ இல்லை. மண்டபத்தின் இரைச்சல் அப்படியே இருந்தது, மூலையில் நாளும் நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. ஆலாத்தி நேரம் வந்தது. இரண்டிரண்டு பெண்களாக வந்து தட்டை ஏந்தி என் முன்னால் சுற்ற வேண்டும். பழத்தட்டு, பலகாரத்தட்டு, பூத்தட்டு என்று தட்டுகள் ஒற்றைப்படையில்தான் வரவேண்டும். பதினொன்று என்று திட்டம். ஒரு சித்தி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால் பதினோராவது தட்டுக்கு ஓர் ஆள் குறைந்தது. கமராவுக்குப் பக்கத்தில் நின்றவர்களின் குசுகுசுப்பு எல்லாம் பதிவாகியிருந்தது.

"பத்தோட நிப்பாட்ட ஏலாது. ஒருத்தியைக் கூப்பிடுங்கோ." இது அம்மாவின் குரல்.

"முன்வரிசையில ஒருத்தி சும்மாதானே இருக்கிறா."

"அக்கா, அவ கல்யாணம் கட்டினவவோ?"

"கையில மோதிரம் இல்லையே."

"வலக்கையைப் பாருங்கோ. இவை வலக்கையிலதான் போடுவினம். கிடக்குது, கிடக்குது. கூப்பிடுங்கோ."

அப்படியாக ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் வாழைப்பழத் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மற்றப் பக்கத்தில் என் அம்மா. அவர் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்க, அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் காட்டினார். மூன்று சுற்று. முந்நூறு பேரும் கைதட்டினார்கள்.

பிறகு மாமா அவரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். அவர் எனக்குப் பக்கத்தில் வந்து, என் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார். வினாடிக்கு வினாடி அவரோடு நானும் இருந்தேன். கிரீடம், சடை, முறைப்பு. தனியாக ஒரு காட்சி கிடைக்கும் என்ற என் திட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று முறைப்பதிலேயே இருந்த என் காதில் அது ஏறவில்லை; ஜேர்மன் நன்றாகத் தெரிந்த மற்றப் பிள்ளைகள் வெளியே விளையாட்டில் இருந்தார்கள். அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"அயலவர்களே, இந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று இத்தனை பேர் கூடியிருக்கிறீர்கள். எங்கள் தொகுதிக்கு நடப்பது இதற்கு எதிர்மாறு. அடுத்த தேர்தலில் அது இருக்காது. புதிய தொகுதிகள் இரண்டிலும் நான் நிற்கப்போவதில்லை. இதை இன்னும் என் கட்சிக்குச் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனால் தட்டைக் கையில் தந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு விருந்தாளி மாதிரிப் பேச வரவில்லை."

மாமா ஒலிவாங்கியை வாங்கி மொழிபெயர்த்தார்: "அம்மா என்ன சொல்லுறா எண்டால், பிள்ளை நல்லாப் படிச்சு, தாய் தேப்பனுக்குப் பேர் எடுத்துக் குடுக்க வேணுமாம். சாப்பாடு தயார். எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்கோ."

மண்டபமே கைதட்டியது. உறுப்பினர் அம்மையாரின் கண் கலங்கியிருந்தது.

"நிப்பாட்டுங்கோ," என்றேன். "திரும்ப விடுங்கோ."

நாலு தடவை பார்த்தோம். நாளைக் குறித்துக்கொண்டேன். விடுதிக் கூடத்து அறிவிப்புக்கு ஆறு வாரம் முந்தியது. எங்கள் தொகுதியின் கடைசி அத்தியாயம் கிராமத்து விடுதியில் தொடங்கவில்லை. ரயில் பாதைக்கு அப்பால், பதினோராவது தட்டுக்குப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறது. சந்தோசத்தில் வீடியோ அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "டிஜிட்டல் ஆக்கித் தாறன், பாட்டு வேணுமோ?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் இருந்தே மாமாவை அழைத்தேன்.

"மாமா, அவ அண்டைக்குச் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது. விளங்கினபடியால்தான் அப்பிடிச் சொன்னனான். கட்சிக்கே சொல்லேல்லை எண்டு அந்த மனுசி சொல்லுது. நான் அதை மைக்கில சொல்ல, அதில இருந்த முந்நூறு பேரும் அடுத்த நாள் வேலைக்குப் போய்ச் சொல்லுவினம். பிறகு அவவின்ர நிலைமை?"

"இவ்வளவு வருசமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"மாமிக்கும் சொல்லேல்லை. மாமிக்குச் சொல்லுறதும் பேப்பரில போடுறதும் ஒண்டுதானே."

அவர் பிழையாக மொழிபெயர்த்தார் என்று அதுவரை சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த மண்டபத்தில் அரசியலை முழுதாக விளங்கிக்கொண்டு, அந்த இரகசியத்தைக் காப்பாற்றியவர் ஒருவர் இருந்திருக்கிறார். தொகுதியின் வாழ்வில் பங்கெடுக்கவில்லையாம். எங்களுக்கா சொல்கிறீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் கணினியில் போட்டு, என்னை வெட்டி எடுக்க முடியுமா என்று பார்த்தேன். வெட்டினால் ஒரு கையும் ஒலிவாங்கியும் மிஞ்சின. ஒலியை மட்டும் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஒலி மட்டும் என்றால் அது எந்த மண்டபம், யாருடைய விழா என்று யாருக்குத் தெரியும்? அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"முகத்தை வெட்டுறியோ?"

"யோசிக்கிறன்."

"வெட்டு. வெட்டிப்போட்டு உன்ர தொகுதிக்கு நீயே சொல்லு, எங்கட வீட்டில ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு."

அடுத்த கூட்டத்துக்கு வெட்டாமல் கொண்டுபோனேன். திரையில் கிரீடத்தோடு நான் வந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேச்சு தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

பதிவு முடிந்ததும் தலைவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய், மூலையிலிருந்த நாளை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார். திரும்பி வந்து, தன் கையேட்டுப் பிரதியை எடுத்து, அந்த வசனத்தை அளவுகோல் வைத்து நேராக அடித்தார்.

"ஆறு வாரம்," என்றார். "ஆறு வாரம் முந்தி."

"இது பொது நிகழ்ச்சி இல்லையே," என்றார் விடுதிக்காரரின் மகள். "குடும்ப விழா. இதை எப்படி அறிவிப்பு என்று கணக்கில் எடுப்பது?"

"முந்நூறு பேர்," என்றேன். "உங்கள் கூடத்தில் எத்தனை நாற்காலி?"

தலைவர் குறுக்கே வந்தார். "அவர் கட்சியிடம்கூட அப்போது மறைத்த விடயம் இது. அவரிடம் கேட்காமல் போட முடியாது." அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், அந்த முன்னாள் உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்தார். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையால் தொலைபேசியை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தனக்குச் சம்மதமாம். ஆனால் ஒரு நிபந்தனை. அது தன்னுடைய விழா இல்லையாம், அந்தப் பிள்ளையுடைய விழாவாம். அந்தப் பிள்ளை சம்மதித்தால் மட்டும் போடச் சொல்கிறார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேலாக நான் அரிசிமாவுக்குள் புதைத்த பிள்ளை திரையில் உறைந்து நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நல்ல முறைப்பு அது. யாருக்கும் வழிவிடாத முறைப்பு.

"போடுங்கோ," என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகுதான் ஜேர்மனில் சொன்னேன். "வெட்டாமல் போடுங்கள்."

கண்காட்சி திறந்த நாளில் எங்கள் கட்டடங்களில் இருந்து அம்மாவும் அயலட்டைப் பெண்களும் கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டுச்சேலையில் வந்திறங்கினார்கள். சங்கத்தின் பழைய ஆட்கள் மழைச் சட்டையோடு நின்றார்கள். எங்கள் பலகையை முதலில் பின் சுவரில், தீயணைப்பு வண்டியின் குழாய்களுக்குப் பக்கத்தில்தான் மாட்டியிருந்தார்கள். அரை மணி நேரத்தில் அங்கே கூட்டம் நெருக்கி, வழியே இல்லாமல் போனது. தலைவரும் நானும் பலகையையும் திரையையும் தூக்கி நடுக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை.

அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று, தட்டுத் தட்டாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் ஜேர்மன் அலுவலகங்களுக்குப் போய்ப் படித்த ஜேர்மன். அதில் விண்ணப்பம் போடலாம், கதை சொல்வது கடினம். ஆனாலும் சொன்னார். ஏன் ஒற்றைப்படை என்று கேட்ட ஒருவரிடம், "இரட்டைப்படை என்றால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும்," என்றார். அது சரியான விளக்கமா என்று எனக்குத் தெரியாது. கேட்டவர் குறிப்பெடுத்துக்கொண்டார். மாமா தன் பங்குக்கு ஒவ்வொருவரிடமும் போய், "அண்டைக்கு மொழிபெயர்த்தது நான்தான்," என்று அறிமுகம் செய்துகொண்டார். மாமி அவரோடு பேசவில்லை. இத்தனை வருடம் தன்னிடம் மறைத்துவிட்டாராம்.

முன்னாள் உறுப்பினர் கடைசியாக வந்தார். தலைமுடி முழுக்க வெள்ளை. பெண்கள் அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவர் திரையில் தன்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத் தேடிப் போய், வலக்கையை நீட்டி, மணிக்கட்டைச் சரியான பக்கமாக மூன்று தரம் சுற்றிக் காட்டினார். அம்மா சிரித்த சிரிப்பைக் கூடத்தின் மறுமுனையில் நின்ற நானும் கேட்டேன்.

நான் விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது, விடுதிக்காரரின் மகள் திரைக்கு முன்னால் தனியாக நிற்பதைக் கண்டேன். கையைக் கட்டிக்கொண்டு, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஒன்பது படங்களுக்கு முன்னால் அப்போது ஒருவரும் இல்லை. பதிவு முடிந்தது. அவர் நகரவில்லை. திரும்ப ஓடியது. இரண்டாம் தடவையும் முடிந்த பிறகு ஒலிக்கருவியைக் கழற்றாமலே என்னிடம் சொன்னார்:

"எங்கள் கூடத்தில் அவர் கண் கலங்கவில்லை."

நான் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார்.